வியட்நாம் போரைப் படிக்க எங்கிருந்து தொடங்கலாம்? போர் எழுத்து, உளவு நாவல், கவிதை

கேள்வி: காவிரிக்கரை வாசகி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் மாதம் ஒருமுறை கூடும் வாசகர் வட்டத்தில், அடுத்த சில மாதங்களுக்கு ஒரே ஒரு போரைப் பற்றிய நூல்களை மட்டும் படிப்பதென்று முடிவு செய்து, வியட்நாம் போரைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். 1954-ல் தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை தோற்றதிலிருந்து 1975 ஏப்ரல் 30 அன்று தெற்கு வியட்நாமின் தலைநகரான சைகோன் வீழ்ந்தது வரையிலான அந்த இருபது ஆண்டுகளைப் பற்றி எங்களில் பெரும்பாலோர் அறிந்ததெல்லாம் ஹாலிவுட் படங்கள் காட்டியதுதான். அந்தப் படங்களில் அமெரிக்கச் சிப்பாய் அஞ்சுகிறான், மனம் பிறழ்கிறான், ஊர் திரும்பித் தூக்கமின்றித் தவிக்கிறான். வியட்நாம் மக்களோ மரங்களுக்கிடையே ஓடி மறைபவர்களாகவோ, எரியும் குடிசையின் முன்னால் கதறுபவர்களாகவோ மட்டுமே வந்துபோகிறார்கள். அவர்கள் ஊரில் நடந்த போரில் அவர்களுக்குப் பேச்சே இல்லை என்பது எனக்குப் பெரும் உறுத்தலாக இருக்கிறது. நூல்களிலும் இதே நிலைதானா, அல்லது இரு தரப்பும் பேசுவதைக் கேட்கும்படியான ஒரு வாசிப்பை அமைத்துக்கொள்ள முடியுமா என்பதே என் முதல் கேள்வி.

வட்டத்தில் இருப்பவர்களின் விருப்பமும் ஒன்றுபோல் இல்லை. பணி ஓய்வு பெற்றவர்கள் சிலர் போர்க்களத்தின் நேரடி அனுபவத்தை எழுதிய நூல்களை விரும்புகிறார்கள். கல்லூரி மாணவர்களுக்கு உளவு, சதி, துரத்தல் என்று விரையும் த்ரில்லர் வேண்டும். கவிதை எழுதும் இருவர், அண்மைக் காலக் கவிதைத் தொகுப்பு ஒன்றாவது இருந்தே ஆக வேண்டும் என்கிறார்கள். எல்லோரும் ஆங்கிலத்தில்தான் படிக்க வேண்டியிருக்கும். நடை மிகக் கடினமாக இருந்தால் பாதியில் விட்டுவிடுவார்கள் என்பதால், எந்த நூல் எளிது, எது பொறுமையைக் கேட்கும் என்பதையும் சேர்த்துச் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

பதில் 1: ஏடும் எழுத்தும்

வணக்கம் அம்மா. இரு தரப்பையும் கேட்க வேண்டும் என்று நீங்கள் கேட்பதற்கு, வரைபடத்தில் ஒரே ஒரு மாகாணத்தைச் சுட்டிக்காட்டி விடை சொல்ல முடியும். வியட்நாமின் நடுக் கடற்கரையில் இருக்கும் குவாங் நாய் மாகாணம்தான் அது. 1968 மார்ச் 16 அன்று அமெரிக்கப் படையினர் நூற்றுக்கணக்கான கிராம மக்களைக் கொன்ற மை லாய் அந்த மாகாணத்தில்தான் இருக்கிறது. அடுத்த ஆண்டு டிம் ஓ பிரையன் என்ற இளம் அமெரிக்கக் காலாட்படைச் சிப்பாய் அங்கே வந்து சேர்ந்தார். அதே மாகாணத்தின் டுக் ஃபோ பகுதிக் காடுகளில், டாங் துய் ட்ராம் என்ற இளம் பெண் மருத்துவர், வடக்கு வியட்நாமிலிருந்து நடந்தே வந்து, மறைவிட மருத்துவமனை ஒன்றைப் பொறுப்பேற்று நடத்திக்கொண்டிருந்தார். அந்த மண்ணில் ஒரே காலத்தில் எதிரெதிராக இருந்த இருவரின் எழுத்தும் நமக்குக் கிடைத்திருக்கும்போது, அவற்றை அடுத்தடுத்துப் படிப்பதைவிட நல்ல தொடக்கம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஓ பிரையனின் 'தி திங்ஸ் தே கேரிட்' 1990-ல் வெளிவந்தது. ஒன்றோடொன்று பின்னிய கதைகளின் தொகுப்பான இதில் சொற்கள் எளியவை, வாக்கியங்கள் குறுகியவை. உங்கள் வட்டத்தில் யாரும் தடுமாற மாட்டார்கள். முதல் கதை, சிப்பாய்கள் முதுகில் சுமந்த பொருள்களை எடையோடு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகிறது. துப்பாக்கி, தோட்டா, தண்ணீர், டப்பா உணவு என்று தொடங்கும் அந்தக் கணக்கில், காதலியின் கடிதங்களும் அச்சமும் இறந்த நண்பனின் நினைவும் எப்போது சேர்ந்தன என்று நமக்குத் தெரியாமலேயே சேர்ந்துவிடுகின்றன. கதைசொல்லிக்கும் டிம் ஓ பிரையன் என்றே பெயர். ஆனால் நூல் புனைவு. நடந்தது எது, புனைந்தது எது என்ற கேள்வியை அவர் வேண்டுமென்றே தீர்க்காமல் விட்டிருக்கிறார். கட்டாய ராணுவச் சேவைக்கான ஆணை வந்ததும், கனடாவுக்குத் தப்பிவிடலாமா என்று எல்லை ஆற்றின் கரைவரை போய், ஊர் என்ன சொல்லுமோ என்ற வெட்கத்தால் திரும்பி வந்து போருக்குப் போகும் இளைஞனின் கதை இத்தொகுப்பில் இருக்கிறது. போருக்குப் போவதை வீரம் என்று சொல்லிப் பழகிய எவரையும் அந்தக் கதை நிறுத்தி யோசிக்க வைக்கும்; வட்டத்தில் ஒரு கூட்டம் முழுவதையும் அதற்கே ஒதுக்கலாம்.

ட்ராமின் நாட்குறிப்பு இதற்கு முற்றிலும் வேறானது. 1968 ஏப்ரலில், போதிய மயக்க மருந்து இல்லாமல் ஒருவருக்குக் குடல்வால் அறுவை செய்த குறிப்போடு அது தொடங்குகிறது. காயம்பட்டவர்களைச் சுமந்துகொண்டு இடம் மாறிக்கொண்டே இருப்பது, கண்முன் இறந்துபோகும் இளைஞர்கள், கம்யூனிஸ்ட் கட்சி தன்னை முழுமையாக ஏற்கத் தயங்குவதால் வரும் மனக்கசப்பு, நிறைவேறாத ஒரு காதல், வடக்கின் தலைநகரான ஹனோயில் இருக்கும் தாயைப் பற்றிய ஏக்கம் என்று ஒரு பெண்ணின் உள்ளம் மறைப்பின்றி அதில் பதிவாகியிருக்கிறது. 1970 ஜூனில் அமெரிக்கப் படையினரால் அவர் சுட்டுக் கொல்லப்பட்டபோது வயது 27. கைப்பற்றப்பட்ட ஆவணங்களில் ராணுவப் பயன் இல்லாதவற்றை எரித்துக்கொண்டிருந்த ஃபிரெட் வைட்ஹர்ஸ்ட் என்ற அமெரிக்க உளவுப் பிரிவு வீரரிடம், உடனிருந்த வியட்நாமிய மொழிபெயர்ப்பாளர், இதில் ஏற்கெனவே நெருப்பு இருக்கிறது, எரிக்க வேண்டாம் என்று சொல்லித் தடுத்தார். அந்த வீரர் 35 ஆண்டுகள் அதைக் காத்துவைத்திருந்து, 2005-ல் ட்ராமின் தாயிடம் அந்தச் சொற்கள் போய்ச் சேர வழி செய்தார். அதே ஆண்டு நூலாக வந்து வியட்நாமில் லட்சக்கணக்கில் விற்றது. ஆங்கிலத்தில் 'லாஸ்ட் நைட் ஐ டிரீம்ட் ஆஃப் பீஸ்' என்ற பெயரில் 2007-ல் வந்தது. அமெரிக்கர்களை அவர் கொடிய சொற்களால் வெறுத்து எழுதும் இடங்கள் பல உண்டு. அவற்றைத் தாண்டிச் சென்றுவிடாமல், அந்த வெறுப்பு எந்தக் காயங்களைத் தைத்துவிட்டு எழுதப்பட்டது என்பதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

இவை இரண்டுக்கும் பிறகு பாவோ நின் எழுதிய 'தி சாரோ ஆஃப் வார்'. வடக்கு வியட்நாம் படையில் இளம் வயதிலேயே சேர்ந்து, போரின் கடைசி நாள்வரை களத்தில் இருந்தவர் அவர். 1990-ல் ஹனோயில் வெளிவந்து மறு ஆண்டே எழுத்தாளர் சங்கப் பரிசு பெற்ற இந்த நாவல், வெற்றியைக் கொண்டாடவில்லை என்பதால் அதிகாரிகளின் கோபத்துக்கு ஆளாகிப் பல ஆண்டுகள் அங்கே மறுபதிப்புக் காணாமல் கிடந்தது. போர் முடிந்த பின் காணாமற்போனவர்களின் எலும்புகளைத் தேடி மத்திய மேட்டுநிலக் காட்டில் அலையும் குழுவில் நாவலின் நாயகன் கியென் இருக்கிறான். அவன் சேர்ந்த படைப்பிரிவில் உயிரோடு மிஞ்சியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. வென்ற தரப்பின் துயரம் இது. காலம் முன்னும் பின்னுமாகத் தாவும் என்பதால் முதல் ஐம்பது பக்கங்கள் பொறுமையைக் கேட்கும். பெண்ணுக்கு எதிரான கொடுமையான வன்முறைக் காட்சிகள் இருப்பதையும் வட்டத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அமெரிக்கப் போர்ச் செய்தியாளர் மைக்கேல் ஹெர் எழுதிய 'டிஸ்பாட்ச்சஸ்' (1977) நூலைப் பலரும் முதலில் பரிந்துரைப்பார்கள். நான் அதைத் தொடக்கத்தில் வைக்க மாட்டேன். அமெரிக்கச் சிப்பாய்களின் கொச்சைமொழி அதில் நிரம்பியிருப்பதும், வியட்நாம் மக்கள் அதில் ஏறக்குறைய பேசாதவர்களாகவே இருப்பதும் காரணம்.

பதில் 2: சுண்ணாம்பாறு

நண்பர் போர்க்களத்தைப் பற்றி விரிவாகச் சொல்லிவிட்டதால், மாணவர்கள் கேட்கும் த்ரில்லரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். வியட்நாம் போரைப் பொறுத்தவரை உளவு நாவலைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவைக்க முடியாது. யார் யாருக்காக வேலை செய்கிறார்கள் என்று எவருக்கும் உறுதியாகத் தெரியாத நகரமாகச் சைகோன் இருந்தது. அந்த நகரத்தின் உண்மையைச் சொல்வதற்கு உளவுக் கதையின் அமைப்பே பொருத்தமானது என்பது என் கருத்து.

முதல் நூல் கிரஹாம் கிரீனின் 'தி க்வயட் அமெரிக்கன்'. 1950-களின் தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரர்களின் போர் நடந்துகொண்டிருந்தபோது செய்தியாளராகச் சைகோனுக்குப் பலமுறை சென்ற கிரீன், 1955-ல் இதை வெளியிட்டார். அமெரிக்கக் கடற்படைத் தரைப்படையினர் டா நாங் கடற்கரையில் இறங்கியது 1965 மார்ச்சில்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படித்தால், பத்தாண்டுகளுக்கு முன்பே அவர் எதைக் கண்டார் என்பது திகைக்க வைக்கும். நாவலின் தொடக்கத்திலேயே பைல் என்ற அமெரிக்க இளைஞன் கொல்லப்பட்டுக் கிடக்கிறான். கொன்றது யார், ஏன் என்பதைப் பின்னோக்கிச் சொல்லும் துப்பறியும் கதையின் வடிவம் இது. கம்யூனிஸ்டுகளும் வேண்டாம், பிரெஞ்சுக்காரர்களும் வேண்டாம், மூன்றாவது சக்தி ஒன்றை உருவாக்கலாம் என்று புத்தகத்தில் படித்த கொள்கையை நல்லெண்ணத்தோடு நம்பும் பைலும், எந்தப் பக்கமும் சேராமல் ஒதுங்கியிருப்பதாகச் சொல்லிக்கொள்ளும் நடுவயது ஆங்கிலச் செய்தியாளர் ஃபௌலரும் ஒரே பெண்ணை விரும்புகிறார்கள். 1952 ஜனவரியில் சைகோனின் நடுவே உண்மையில் நிகழ்ந்த குண்டுவெடிப்பை அடிப்படையாகக் கொண்ட காட்சிதான் கதையின் திருப்பம். இருநூறு பக்கங்களுக்குள் முடிந்துவிடும், ஆங்கிலமும் தெளிவானது. மாணவர்கள் இரண்டு இரவுகளில் படித்துவிடுவார்கள்.

புதுச்சேரியில் வளர்ந்தவன் என்பதால் ஒன்றை இங்கே சொல்ல ஆசைப்படுகிறேன். கிரீன் கண்ட பிரெஞ்சுச் சைகோன் தமிழர்களுக்கு அந்நியமான ஊராக இருக்கவில்லை. செட்டியார்கள் அங்கே வட்டித்தொழில் நடத்தினார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற புதுச்சேரி, காரைக்கால் தமிழர்கள் அரசு அலுவலகங்களில் வேலை பார்த்தார்கள். அவர்கள் காலத்து மாரியம்மன் கோயில் இன்றும், ஹோ சி மின் நகரம் என்று பெயர் மாறிய சைகோனின் நடுவே இருக்கிறது. அந்த வாழ்க்கையை முழுமையாகச் சொல்லும் பெரிய தமிழ் நாவல் ஒன்று வர வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

கிரீனின் நாவலில் உள்ள பெருங்குறை, இருவரும் போட்டியிடும் ஃபுவாங் என்ற பெண் என்ன நினைக்கிறாள் என்பது கடைசிவரை நமக்குத் தெரிவதே இல்லை என்பதுதான். நீங்கள் படங்களில் கண்ட அதே மௌனம் இங்கேயும் இருக்கிறது. (பாவோ நின்னின் கியென் நேசிக்கும் பெண்ணுக்கும் ஃபுவாங் என்றே பெயர். அவளுக்கு ஒரு சொந்த வாழ்வும் கோபமும் முடிவெடுக்கும் உரிமையும் இருக்கின்றன. வட்டத்தில் இந்த இருவரையும் ஒப்பிட்டுப் பேசிப் பாருங்கள்.)

ஆகவே கிரீனை அடுத்து வியட் தான் நுயென் எழுதிய 'தி சிம்பதைசர்' வந்தே தீர வேண்டும். சிறு வயதில் அகதியாக அமெரிக்கா சென்றவர் எழுதி, 2015-ல் வந்த இந்த முதல் நாவல், மறு ஆண்டு புனைவுக்கான புலிட்சர் பரிசையும், அமெரிக்கத் துப்பறியும் எழுத்தாளர் அமைப்பு வழங்கும் எட்கர் விருதையும் சேர்த்தே பெற்றது. இலக்கியமா த்ரில்லரா என்று உங்கள் வட்டத்தில் எழும் விவாதத்துக்கு இதுவே போதிய விடை. பெயர் சொல்லப்படாத கதைசொல்லி, தெற்கு வியட்நாம் ராணுவத் தளபதி ஒருவரின் நம்பிக்கைக்குரிய அதிகாரி. உள்ளுக்குள் வடக்கின் உளவாளி. சைகோன் வீழும் நாளில் விமானநிலையத்தை நோக்கி ஓடும் முதற்பகுதியைக் கீழே வைக்க முடியாது. பின்னர் கலிஃபோர்னியாவில் அகதிகளை வேவு பார்க்கிறான்; வியட்நாம் போரைப் பற்றி ஹாலிவுட் எடுக்கும் படமொன்றுக்கு ஆலோசகனாகப் போய், அதில் வியட்நாமியர்களுக்குப் பேச ஒரு வரியாவது வாங்கித்தரப் போராடுகிறான். அம்மா, உங்கள் உறுத்தலைத்தான் அந்தப் பகுதி முழுவதும் எழுதியிருக்கிறார். நடை மட்டும் எளிதன்று. உரையாடலுக்கு மேற்கோள்குறி கிடையாது, வாக்கியங்கள் நீளமானவை, இறுதிப் பகுதியில் விசாரணையும் சித்திரவதையும் கடுமையாக இருக்கும். இரண்டு மாதங்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

இப்படி ஓர் ஆள் இருக்க முடியுமா என்று மாணவர்கள் கேட்டால், லாரி பெர்மன் எழுதிய 'பெர்ஃபெக்ட் ஸ்பை' (2007) என்ற வாழ்க்கை வரலாற்றைக் கொடுங்கள். ஃபாம் சுவான் ஆன் டைம் இதழின் சைகோன் செய்தியாளராக அமெரிக்கர்கள் எல்லோராலும் நேசிக்கப்பட்டவர். அந்தக் காலம் முழுவதும் ஹனோய்க்குக் கண்ணுக்குத் தெரியாத மையில் அறிக்கைகள் அனுப்பிக்கொண்டிருந்தவர். 1970-ல் கம்போடியாவில் பிடிபட்ட சக அமெரிக்கச் செய்தியாளர் ஒருவரை விடுவிக்கவும் உதவியிருக்கிறார். நட்பும் துரோகமும் ஒரே மனிதருக்குள் எப்படி ஒன்றாகக் குடியிருந்தன என்பதை எந்த நாவலும் இதைவிட நன்றாகச் சொல்லிவிட முடியாது.

பதில் 3: செம்பருத்தி

கவிதை கேட்ட அந்த இருவருக்காக எழுதுகிறேன். மூன்று தொகுப்புகள் போதும் என்று நினைக்கிறேன்; ஆனால் அவற்றை வட்டத்தில் உரக்கப் படிக்க வேண்டும், வீட்டில் படித்துவிட்டு வந்து பேசினால் பாதிதான் கிடைக்கும்.

யூசஃப் கொமுன்யாகா வியட்நாமில் ராணுவச் செய்தித்தாள் ஒன்றில் பணியாற்றிய கறுப்பின அமெரிக்கர். 'தியன் காய் டாவ்' தொகுப்பு 1988-ல், அதாவது அவர் திரும்பி வந்து ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழித்து வெளிவந்தது. ஹனோய் வானொலியின் பெண் குரல், கறுப்பினச் சிப்பாய்களுக்குப் பிடித்த பாடகர்களின் பெயர்களைச் சொல்லி அழைத்து, யாருக்காக இங்கே சாகிறீர்கள் என்று கேட்பதை ஒரு கவிதை பதிவு செய்கிறது. சொந்த நாட்டிலேயே உரிமைக்குப் போராடிக்கொண்டிருந்தவர்களை அந்தக் கேள்வி எங்கே தைத்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். தொகுப்பின் கடைசிக் கவிதை வாஷிங்டனில் உள்ள நினைவுச் சுவரின் முன் நிற்கிறது. மாயா லின் வடிவமைத்து 1982-ல் திறக்கப்பட்ட அந்தக் கறுப்புக் கிரானைட் சுவரில், இறந்த 58,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களின் பெயர்கள் பதவி எதுவும் குறிக்கப்படாமல், இறந்த நாளின் வரிசையில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. கல் கண்ணாடியைப் போல் மின்னுவதால், படிப்பவரின் முகமும் பெயர்களின் மேல் விழுகிறது. கவிஞர் தன் பெயரும் அதில் இருக்குமோ என்று பாதி நம்பிக்கொண்டே தேடுகிறார். ஒரு பெண் பெயர்களை அழிப்பதுபோல் கல்லில் தெரிகிறது. அவள் ஒரு சிறுவனின் தலையை வாரிவிடுகிறாள் என்பது இறுதியில்தான் புரிகிறது. ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிடும் இந்தக் கவிதையை ஒருமுறை படித்தவர்கள் மறந்து நான் பார்த்ததில்லை.

அடுத்தது ஓஷன் வுவாங்கின் 'நைட் ஸ்கை வித் எக்ஸிட் வூண்ட்ஸ்' (2016). 1988-ல் பிறந்த இவர் போரைக் கண்டதே இல்லை; ஆனால் அமெரிக்கச் சிப்பாய் ஒருவரின் பேரன் என்பதால், அந்தப் போர் நடக்காமல் இருந்திருந்தால் தான் பிறந்திருக்கவே முடியாது என்ற தாங்கவொண்ணா உண்மையோடு வாழ்பவர். 1975 ஏப்ரல் 29 அன்று, சைகோனை விட்டு வெளியேறுவதற்கான அடையாளமாக அமெரிக்க ராணுவ வானொலி கிறிஸ்துமஸ் பாடல் ஒன்றை ஒலிபரப்பியது. வெண்பனியைப் பாடும் அந்த வரிகளுக்கு நடுவே எரியும் நகரத்தை ஊடும் பாவுமாக நெய்திருக்கும் கவிதையை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். தொகுப்பின் மற்றக் கவிதைகளில் சில இருண்மையானவை. எல்லாவற்றையும் ஒரே கூட்டத்தில் முடிக்க முயல வேண்டாம்.

மூன்றாவது தொகுப்பைத்தான் நான் மிக வலியுறுத்துவேன். வியட்நாமியச் சிப்பாய்களிடமிருந்து கைப்பற்றிய குறிப்பேடுகளை அமெரிக்க ராணுவம் நுண்படச் சுருள்களில் பதிவு செய்து வைத்திருந்தது. அவற்றிலிருந்து கவிதைகளைத் தேடியெடுத்து, தான் நுயென் என்ற வேறொருவரும் (முன்பு சொன்ன நாவலாசிரியர் அல்லர்), அந்தப் போரில் பங்கேற்ற கவிஞரான புரூஸ் வைகலும் மொழிபெயர்த்து, 1994-ல் 'போயம்ஸ் ஃப்ரம் கேப்சர்ட் டாக்குமென்ட்ஸ்' என்று வெளியிட்டார்கள். தாய், ஆற்றங்கரை, காத்திருக்கும் பெண் என்று மிக எளிய கவிதைகள். இலக்கியத் தரத்தில் முன் சொன்ன இருவருக்கும் இணையாகா. ஆயினும், பகைவனின் சட்டைப்பையில் என்ன இருந்தது என்று தேடியவர்கள் கவிதையைக் கண்டெடுத்தார்கள் என்பதும், அவர்களில் ஒருவரே பின்னாளில் அவற்றை மொழிபெயர்க்க உட்கார்ந்தார் என்பதும் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

காவிரிக்கரை வாசகி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. குவாங் நாய் என்ற ஒரே மாகாணத்திலிருந்து தொடங்கும் யோசனையை நேற்றைய கூட்டத்தில் சொன்னபோது, ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் உடனே சுவரில் மாட்டுவதற்கு ஒரு வரைபடம் வரைந்து தருவதாக ஏற்றுக்கொண்டார். மாணவர்கள் கிரீனை முதலில் படிக்க விரும்புகிறார்கள். கால வரிசைப்படி பார்த்தாலும் அது சரியாகவே இருக்கும் அல்லவா? மேலும், 'டிஸ்பாட்ச்சஸ்' நூலை முழுவதுமாக விட்டுவிடலாமா என்று தெரியவில்லை. நூலகத்தில் இருப்பதே அது ஒன்றுதான்.

பதில் 4: சுண்ணாம்பாறு

கிரீனை முதலில் வையுங்கள், ஐயமே வேண்டாம். ஹெர் விஷயத்தில் முதல் பதில் எழுதிய நண்பரோடு நான் சற்று மாறுபடுகிறேன். 1968 ஜனவரியில் தொடங்கி 77 நாள்கள் நீடித்த, கே சான் என்ற அமெரிக்கத் தளத்தின் முற்றுகையைப் பற்றிய அத்தியாயத்தை மட்டுமாவது எடுத்துப் படியுங்கள். பதுங்குகுழியில் காத்திருப்பவர்களின் அச்சத்தை அவரளவுக்குச் செவிக்கு அருகே கொண்டுவந்தவர்கள் குறைவு. வியட்நாம் போர்ப் படங்கள் பேசும் மொழியே பெரும்பாலும் அவரிடமிருந்து வந்ததுதான், 'அபோகலிப்ஸ் நௌ' படத்தின் பின்னணி உரையையும் அவர்தான் எழுதினார். நூலில் வரும் சில மனிதர்களும் உரையாடல்களும் புனைவு என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார் என்பதை மட்டும் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள்.

பதில் 5: ஏடும் எழுத்தும்

கே சான் அத்தியாயத்தை ஏற்கிறேன். ஓ பிரையனையும் ட்ராமையும் படித்து முடித்த பிறகு அது வரட்டும் என்பது மட்டுமே என் வேண்டுகோள். அப்படியானால் வரிசை கிரீன், ஓ பிரையன், ட்ராம், ஹெர் நூலின் அந்த ஓர் அத்தியாயம், பாவோ நின், பிறகு இரண்டு மாதம் நுயென் என்று அமையும். கவிதையைத் தனி மாதமாக ஒதுக்காமல், ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் ஒன்று அல்லது இரண்டு கவிதைகளைப் படிப்பது நல்லது. ஓ பிரையன் கூட்டத்தில் கொமுன்யாகா, ட்ராம் கூட்டத்தில் கைப்பற்றிய குறிப்பேட்டுக் கவிதைகள், நுயென் கூட்டங்களில் வுவாங். வரைபடம் வரையும் ஆசிரியரிடம், டுக் ஃபோவையும் மை லாயையும் குறிக்கும்போது ஹனோயிலிருந்து ட்ராம் நடந்து வந்த தொலைவையும் ஒரு கோடாக இழுத்துக் காட்டச் சொல்லுங்கள்.